அலுமினியமா, ஐசோசயனேட்டா, எபாக்சியா? அக்ரிலிக் ஒட்டுப்பசைக்கு ஏற்ற குறுக்குப்பிணைப்பான்

டேப்பை உரித்தால் பசை பரப்பிலேயே தங்கிவிடுகிறது. எடையைத் தொங்கவிட்டால் மெல்ல வழுகி விழுகிறது. பாலிமர்ச் சங்கிலிகள் கட்டில்லாமல் நழுவுவதுதான் இரண்டுக்கும் காரணம். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பான் அந்த நழுவலை நிறுத்தும். சேர்க்கச் சேர்க்க ஷியர் (சுமையை வழுகாமல் தாங்கும் திறன்) ஏறும், டாக் (தொட்டதும் ஒட்டும் குணம்) இறங்கும். பீல் (உரிக்கத் தேவைப்படும் விசை) மட்டும் சற்று ஏறி, உச்சம் தொட்டு, பிறகு சரியும். உச்சத்துக்கு முன்னால் பசை நடுவில் பிளந்து இரு பரப்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; தாண்டிவிட்டால் சுத்தமாக உரியும். நமக்கு வேண்டிய இடம் உச்சத்தைச் சற்றே தாண்டிய பகுதி. மீட்சிக் குணகம் (பசையின் விறைப்பு) சுமார் 3 லட்சம் பாஸ்கலைத் தாண்டும் அளவுக்குப் பிணைத்துவிட்டால், விரல் அழுத்தத்துக்குப் பசை பரப்பில் படியவே படியாது.

எந்தப் பிணைப்பானை எடுப்பது என்பதைப் பாதி முடிவு செய்வது பாலிமரில் இருக்கும் வினைத்தொகுதிதான் (பிணைப்பானோடு வினைபுரியும் பகுதி). அக்ரிலிக் அமிலம் சேர்ந்த பாலிமர் என்றால் அலுமினியம் அசிட்டைல்அசிட்டோனேட், எபாக்சி இரண்டும் பொருந்தும். ஹைட்ராக்சில் இருந்தால் ஐசோசயனேட். மீதிப் பாதி, பூசிய ரோல் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பது.

அவசரக்காரர்களுக்கு அலுமினியம். கரைப்பான் ஆவியாகும்போதே பிணைப்பு நடந்துவிடுவதால், உலர்த்தும் அடுப்பைவிட்டு வந்த ரோலைப் பெரும்பாலும் உடனே வெட்டலாம். கலவை வாளியிலேயே கெட்டியாகாமல் இருக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ கூடுதல் அசிட்டைல்அசிட்டோனோ சேர்ப்பார்கள். அசிட்டைல்அசிட்டோனின் கொதிநிலை சுமார் 140 டிகிரி. அடுப்பில் அது முழுக்க வெளியேறாவிட்டால் பிணைப்பும் அரைகுறைதான். அதற்காக முதல் மண்டலத்திலேயே சூட்டை ஏற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். சூட்டைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இதன் பலவீனம் வெப்பம். பிணைப்புகள் அயனித் தன்மை உடையவை, சூட்டில் தளரும்.

அளவுக் கணக்கில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 40 சதவீதத் திண்மம் உள்ள 100 கிலோ கரைசலில் பாலிமர் 40 கிலோ. பாலிமர் எடையில் 0.4 சதவீத அலுமினியப் பிணைப்பான் என்றால் 160 கிராம், அதாவது 5 சதவீதக் கரைசலாக 3.2 கிலோ. மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் 400 கிராம் விழுந்து, பிணைப்பான் இரண்டரை மடங்காகிவிடும். நீர்த்த கரைசலாக, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றவும். ஒரே இடத்தில் கொட்டினால் ஜெல் மணிகள் உருவாகிப் பூச்சில் கோடு விழும்.

ஐசோசயனேட்டின் பிணைப்பு கோவேலன்ட் (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிரும் உறுதியான வகை) என்பதால் சூட்டையும் கரைப்பானையும் நன்றாகத் தாங்கும். ஆனால் முழுப் பலன் தெரிய நாட்கள் ஆகும். 40 டிகிரி அறையில் வைத்தால் சீக்கிரம் முடியும். ஈரம் இதற்கு எதிரி. தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விட்டால் பூச்சில் குமிழி வரும், பிணைப்பானும் வீணாகும். அலுமினியத்துக்குக் காவலாக இருந்த ஆல்கஹால் இங்கே பிணைப்பானையே தின்றுவிடும். முந்தைய கலவையின் ஐசோப்ரொபைல் மிச்சம் தொட்டியில் இருந்தாலே போதும், காரணம் தெரியாமல் ஷியர் சரியும். அரோமேட்டிக் வகை வெளிச்சத்தில் மஞ்சளாகும். தெளிவான ஃபிலிமுக்கு அலிஃபாட்டிக் வகை வேண்டும், அது இன்னும் மெதுவாக வினைபுரியும்.

நான்கு கிளைசிடில் தொகுதி (பிணையும் முனை) கொண்ட எபாக்சி மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். 0.05 சதவீதம் என்றால் அதே 40 கிலோ பாலிமருக்கு 20 கிராம்தான். 5 கிராம் தவறினால் கால் பங்கு பிழை. 1 சதவீதக் கரைசலாக்கி, 2 கிலோவாக எடைபோட்டுச் சேர்ப்பதே பாதுகாப்பு. இதற்கும் காத்திருப்பு உண்டு. தோலில் படாமல் கையுறையோடு கையாளவும்.

சாதாரண லேபிளுக்கும் டேப்புக்கும் அலுமினியத்தில் தொடங்குவதே என் தேர்வு. சூடான இடத்தில் நாள்கணக்கில் சுமை தாங்க வேண்டிய டேப்புக்கு மட்டும் மற்ற இரண்டின் காத்திருப்பைச் சகித்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், அடுப்பைவிட்டு வந்த அன்றே அளந்து முடிவு கட்டாதீர்கள். எடைபோட்ட பசையை எத்தில் அசிட்டேட்டில் 24 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி உலர்த்தி, கரையாமல் மிஞ்சுவதை எடைபோட்டால் ஜெல் அளவு, அதாவது பிணைந்த பசையின் பங்கு, தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து, எண் அசையாமல் நின்ற பிறகே பீலையும் ஷியரையும் பாருங்கள். ஷியர் சோதனையில் டேப் துண்டைத் தகட்டில் 25 மி.மீ. சதுரத்துக்கு ஒட்டி, 1 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். துண்டு விழுந்ததும் நேரத்தைக் குறிப்பதோடு தகட்டையும் பார்க்க வேண்டும். தகட்டிலும் டேப்பிலும் பசை இருந்தால் பிணைப்பு போதவில்லை. தகடு பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் பிணைப்பு மிகை, பசை சரியாகப் படியவே இல்லை. அப்போது பிணைப்பானைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.