உருட்டுக் கட்டை இருக்கை: வட்டக் கழுந்தா, சதுரக் கழுந்தா, திருகாணியா?

வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கப்போகும் உருட்டுக் கட்டை இருக்கைக்கு எந்த மூட்டு நல்லது: கழுந்தா (ஒரு கட்டையின் முனையை ஒல்லியாகச் செதுக்கி, இன்னொன்றின் துளைக்குள் செருகும் பகுதி), திருகாணியா? மரம் எப்படிச் சுருங்கும் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். வளர்ச்சி வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கமோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லா வம்பும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

திருகாணி வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும். அதைத் தாண்டி அதற்காகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது, ஆட்டம் கண்டுவிடும். கட்டையின் வெட்டு முனையில் அதற்குப் பிடிப்பும் குறைவு. ஓக் போல டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் சாதாரண இரும்பு ஈரம் பட்டதும் கருங்கறை படியவைத்து, தானும் அரித்துப்போகும்.

வட்டக் கழுந்துக்கு நிஜமான பலம் உண்டு. டிரில்லில் மாட்டும் கழுந்து வெட்டி ஒன்றும் அதே விட்டத்தில் துளையிடும் அலகும் இருந்தால், கோணல்மாணலான கிளையைக்கூடக் குறுக்குச் சட்டமாக்கிவிடலாம். ஆனால் பச்சைக் கட்டையில் வெட்டிய வட்டம் காய்ந்தபின் வட்டமாக இருக்காது; முட்டை வடிவமாகி, துளைக்குள் இடைவெளி விட்டுச் சுழலத் தொடங்கும். இதற்குப் பழைய தச்சு முறையிலேயே மருந்து இருக்கிறது: கழுந்து வரும் சட்டத்தை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் காலில் அடித்து இறக்குவது. கால் காயக் காயக் கழுந்தை இறுக்கிப் பிடிக்கும். கால் சொட்டச் சொட்டப் பச்சையாக இருந்தால் துளையை ஒட்டி வெடிக்கும். துளை காலின் நுனிக்கு மிக அருகில் இருந்தாலும் அதே கதிதான். ஆகவே காலை நீளமாகவே விட்டுவைத்து, மூட்டு இறுகியபின் நுனியை அறுப்பேன்.

சதுரக் கழுந்துக்குப் பொறுமை வேண்டும். உருண்ட கட்டையில் துளையைச் சுற்றித் தட்டையாகச் செதுக்கினால்தான் கழுந்தின் தோள் (கழுந்து தொடங்குமிடத்தில் படிபோல் நிற்கும் விளிம்பு) ஒட்டி உட்காரும். அந்தத் தோள்தான் இருக்கையைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் நிறுத்துகிறது; சதுரம் என்பதால் சுழலவும் வழியில்லை. இந்த மூட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மரமுளை, அதாவது மூட்டின் குறுக்கே அடித்து இறக்கும் மர ஆணி. கழுந்தில் இடும் முளைத்துளையை, காலில் இட்ட முளைத்துளைக்கு நேராக இல்லாமல், தோள் பக்கமாக 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி இட வேண்டும். நுனி கூர்ந்த முளையைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது கழுந்து உள்ளே இழுபட்டு, தோள் கட்டையோடு இறுகுகிறது. பசை தேவையே இல்லை. முளையை மட்டும் அறுக்காமல் பிளந்தே எடுக்க வேண்டும். இழை முழு நீளத்துக்கும் ஓடினால்தான் முறியாமல் வளைந்து போகும்.

பலர் அமரும் நீண்ட இருக்கைக்கும் மேசைக்கும் சதுரத்தையே தேர்ந்தெடுப்பேன். ஒற்றை நாற்காலி, முக்காலி, கைப்பிடிச் சட்டங்களுக்கு, காய்ந்த வட்டக் கழுந்து தாராளமாகப் போதும். கழுந்தை மறுபக்கம் வரை விட்டு ஆப்பு அடிப்பதானால், ஆப்பின் அகலம் துளையுள்ள கட்டையின் இழைக்குக் குறுக்காக நிற்கட்டும். இழையோடு நின்றால் கட்டை பிளந்துவிடும்.

எந்த மூட்டானாலும் பட்டையை உரித்துவிடுங்கள். அதற்கடியில்தான் ஈரமும் பூச்சியும் தங்கும். பட்டையை ஒட்டிய வெளிமரம் சீக்கிரம் மக்கும் என்பதால், கால்களுக்கு வைரம் பாய்ந்த பகுதி அதிகமுள்ள கட்டையை ஒதுக்கிவையுங்கள். மறுபக்கம் வரை போகாத, மேல்நோக்கிய குருட்டுத் துளையில் மழைநீர் தேங்கும். அடியில் ஒரு சிறு வடிகால் துளை இட்டு, கால்களை மண்ணில் ஊன்றாமல் தட்டைக் கல்மேல் நிறுத்துங்கள்.