ஒலிப்பதிவை எழுத்தாக்கித் தரும் கடை: காசைக் கொடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்டவாகப் போட்டோக்கொப்பி எடுத்து, ஆய்வேடு கட்டித் தருகிற கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தும் தருகிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கும் அந்த வாசலால்தான் சைக்கிளில் போகவேண்டும்.

முதலில் காசுக் கதை. ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு 2,500 ரூபா. 1990இல் போரால் மயிலிட்டி என்ற கரையோர ஊரை விட்டு ஓடி, 2017 ஜூலையில் இராணுவம் துறைமுகப் பக்கத்தை விடுவித்த பிறகு திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களைப் பற்றியது என் முதுமாணி ஆய்வு. 14 பேருடன் கதைத்தேன், மொத்தம் 18 மணி நேரம், அப்படியென்றால் 45,000 ரூபா. கேட்டதும் நெஞ்சு அடைத்ததுதான், ஆனால் அதற்கு முதல் ஒரு பதிவை நானே அடித்துப் பார்த்திருந்தேன்: ஒரு மணி நேரக் கதைக்கு ஏழு மணி நேரம் போனது, கழுத்தும் போனது. கை பழகியவர்களுக்கே நாலு, ஐந்து மணி நேரம் பிடிக்கிற வேலை இது. அந்தக் கணக்கில் 2,500 அதிகமில்லை.

“போனிலேயே சும்மா செய்யலாமே” என்று ஒரு நண்பன் ஒரு செயலியைக் காட்டினான். செய்து பார்த்தேன். “பேந்துதான் வந்தனாங்கள்” (பிறகுதான் வந்தோம்) என்று ஒரு அம்மா சொன்னதை அது “பேருந்தில் தான் வந்தோம்” என்று எழுதி வைத்தது. சோளகக் காற்று சோளமானது. எங்கள் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பிழை பிழையாகவே தெரிந்தால் திருத்தலாம், இது நல்ல தமிழில் பொய் சொல்கிறது.

கடையில் தட்டச்சு செய்கிற அக்கா அந்த வகையில் தங்கம். வாடி (கரையில் மீனவர் போடும் கொட்டில்), சம்மாட்டி (படகும் வலையும் வைத்திருக்கும் முதலாளி), சோளகம், வாடைக்காற்று எதையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. பின்னால் காகம் கத்தி, கோயில் ஸ்பீக்கர் அலறி, காற்று மைக்கில் அடித்த பதிவிலும் முக்கால்வாசியைப் பிடித்துவிட்டார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தினார், அது எங்கள் ஊரில் பிந்தல் இல்லை.

இனிக் குறை. முதல் நாலு கோப்புகளை வாசித்தபோது எல்லோரும் பேச்சுப்போட்டிக்கு வந்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “வந்தனாங்கள்” எல்லாம் “வந்தோம்” ஆகிவிட்டது. ஒரு ஐயா பாதியில் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு மேல் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அக்கா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பிழை திருத்திக் கொடுப்பது மரியாதை என்று நினைத்திருக்கிறார். ஆனால் என்ன சொன்னார்கள் என்பதோடு எப்படிச் சொன்னார்கள் என்பதும் கிடைக்கும் என்றுதானே வினாக்கொத்தை விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போனேன்.

அதைவிடப் பெரிய குறை, “தேவையில்லாத கதை” என்று அவர் வெட்டியது. ஒரு சம்மாட்டி ஐயாவிடம் சாதி பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டேன். “இப்ப ஆர் தம்பி உதெல்லாம் பாக்கினம்?” என்றார். அது கோப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு நிமிடம் கழித்து, தேத்தண்ணி வந்த நேரம், “தம்பி எவடம்? அப்பான்ரை ஊர் எது? எந்தக் கோயிலடி?” என்று அவர் என்னைக் கேட்டது கோப்பில் இல்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்த மூன்று கேள்விகளும் எங்கே போய் நிற்கும் என்று விளக்கத் தேவையில்லை. அவர் வாயால் சொன்னதை மட்டும் வைத்து எழுதியிருந்தால் மயிலிட்டியில் சாதி செத்துப்போயிருக்கும்.

ஆன் ஓக்லி என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் தாய்மை பற்றிச் செய்த ஆய்வில், பெண்கள் திருப்பித் தன்னிடம் கேட்ட கேள்விகளையும் எண்ணி வைத்தார். 178 நேர்காணல்களில் 878 கேள்விகள். அப்படிக் கேட்டால் நழுவிவிடு என்பது அந்தக் காலப் பாடநூல் புத்தி. தான் பதில் சொன்னதாக 1981இல் அவர் எழுதினார். எங்கள் பக்கம் நழுவவே ஏலாது, ஊரும் பேரும் சொல்லாதவனுக்குத் தேத்தண்ணிகூடக் கிடைக்காது. ஆனபடியால் கடையில் கொடுக்கும்போது “நான் பேசியதையும் அடியுங்கோ, தேத்தண்ணிக் கதையையும் அடியுங்கோ” என்று தாளில் எழுதிக் கொடுங்கள். நான் வாயால் சொன்னேன், மறந்துவிட்டார்கள்.

கடையில் பழி போட முடியாத குறைகளும் இருக்கின்றன. முதல் மூன்று பேரிடமும் “ஏன் திரும்பி வந்தனீங்கள்?” என்று கேட்டேன். “எங்கட ஊர்தானே தம்பி.” ஒரு வரி, மூன்று பேரும் அதே வரி. ‘ஏன்’ என்று கேட்காதே, ‘எப்படி’ என்று கேள் என்பது அமெரிக்கச் சமூகவியலாளர் ஹவார்ட் பெக்கரின் புத்திமதி, வகுப்பில் எழுதியும் வைத்திருந்தேன். நாலாவது அம்மாவிடம் “முதல் நாள் எப்பிடி வந்தனீங்கள்?” என்று மாற்றினேன். நாற்பது நிமிடம் கதைத்தார். கூரை இல்லை, வளவு முழுக்கப் பற்றை, வேலியும் ஒழுங்கையும் தெரியவில்லை, கடைசியில் கிணற்றுக்கட்டின் உடைந்த மூலையைக் கண்டுதான் தன் வீடு என்று பிடித்தாராம். சரி, இதில் எவ்வளவு அன்றைக்கு நடந்தது, எவ்வளவு திரும்பத் திரும்பச் சொல்லித் திரண்டது? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்டது கோயில் கொடியேற்றத்துக்கு முதல் என்றார் ஒருவர், பிறகு என்றார் அவருடைய தம்பி. 27 வருடத்துக்கும் மேல் கழித்துக் கேட்டால் அப்படித்தான்.

எத்தனை பேர் போதும் என்று கேட்பவர்களுக்கு: கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து 2006இல் வந்த ஒரு கட்டுரை, பெரும்பாலான கருத்துகள் முதல் 12இலேயே வந்துவிட்டன என்றது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், நானும்தான், ரூபாய்க் கணக்கு அப்படி. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், கேள்விகளும் ஒன்றே. சம்மாட்டியும் கூலிக்குக் கடலுக்குப் போகிறவரும் கருவாடு போடுகிற அம்மாவும் ஒரே 12க்குள் அடங்குவார்களா?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கடைக் கணினியின் திரையில் இன்னொரு மாணவரின் கோப்புகள் ஆட்களின் பெயரோடேயே கிடந்தன. என்னுடையதும் யாருக்கோ அப்படித் தெரிந்திருக்கும். சம்மதப் படிவத்தில் “இரகசியம் காக்கப்படும்” என்று கையெழுத்து வாங்கியது நான். இப்போது இலக்கம் போட்டுத்தான் கொடுக்கிறேன், வேலை முடிந்ததும் பக்கத்தில் நின்று அழிப்பிக்கிறேன். அதுவும் அரைகுறைதான்: ‘மயிலிட்டி, ஆண், 68, சம்மாட்டி’ என்று எழுதினால் அந்தக் கரையில் யாருக்குத் தெரியாது?

ஐந்துக்கு மூன்றரை. வெட்டிய இடங்களைக் காசு வாங்காமல் திரும்ப அடித்துத் தந்தார்கள். கோப்புகளை எடுக்கப் போன அன்றைக்கு அக்கா பென்டிரைவை நீட்டிக்கொண்டே கேட்டார்: “தம்பி, அந்த அம்மா கிணத்தைப் பேந்து இறைச்சவவோ? தண்ணி நல்லதோ?”

நான் அதைக் கேட்கவேயில்லை.