கான்கிரீட்டா, ஃபைபரா, லைனரா? முதல் முறை நீச்சல் குளம் கட்டுவோருக்கு ஓர் அலசல்

வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் ஊறும்? பின்பக்கத்துக்கு லாரியும் கிரேனும் வர வழி இருக்கிறதா? கான்கிரீட், ஃபைபர் கிளாஸ், வினைல் லைனர் (உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளம்) மூன்றில் எது என்பதில் பாதியை இந்த இரண்டு பதில்களே முடிவு செய்துவிடும்.

கான்கிரீட் குளத்தின் பெரிய பலம், நினைத்த வடிவம், நினைத்த ஆழம். குழி தோண்டி, கம்பி கட்டி, அதன்மேல் கான்கிரீட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். கான்கிரீட்டின் வலுவுக்கு 28 நாள் என்பது பொதுக்கணக்கு. அப்புறம் டைல், உள்பூச்சு, சுற்றுத்தளம் என்று வேலை மாதக்கணக்கில் இழுக்கும். கட்டி முடித்தாலும் ஓய்வில்லை. புதுப் பூச்சிலிருந்து முதல் சில வாரங்களுக்குச் சுண்ணாம்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். சுவரில் பிரஷ்ஷை இழுத்தால் தண்ணீருக்குள் வெள்ளைத் தூசு புகை மாதிரி கிளம்பும். அதைத் தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் அங்கேயே படிந்து இறுகிவிடும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும். பூச்சோ அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஆசிட் ஊற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பு என்பதால் பாசிக்கும் பிடிமானம் சுலபம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உள்பூச்சையே புதிதாக அடிக்க வேண்டி வரும்.

ஃபைபர் கிளாஸ் இதற்கு நேர் எதிர். தொட்டி தொழிற்சாலையிலேயே ஒரே துண்டாகத் தயாராகி லாரியில் வரும். சாலையில் கொண்டுவர வேண்டியிருப்பதால் அகலம் பெரும்பாலும் 16 அடியைத் தாண்டாது. அச்சில் இருக்கும் வடிவங்களில்தான் தேர்வு செய்ய முடியும். இறக்குவது ஒரு நாள் வேலை, மற்றவை சில வாரங்கள். பரப்பு வழவழப்பு, பாசி எளிதில் ஒட்டாது, பிஎச்சும் கான்கிரீட்டில் போல ஏறாது.

இதில் சிக்கல் வருவதென்றால் பதிக்கும்போதுதான் வரும். தொட்டியைக் குழியில் வைத்து மட்டம் பார்த்த பிறகு, உள்ளே தண்ணீரும் வெளியே பக்கவாட்டில் ஜல்லியும் சேர்ந்தே ஏற வேண்டும். அரை அடி தண்ணீர் என்றால் அரை அடி ஜல்லி, மறுபடி அரை அடி தண்ணீர். அவசரப்பட்டு ஒன்றை முந்தவிட்டால் சுவர் உள்ளேயோ வெளியேயோ பிதுங்கிவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. ஜல்லிக்குப் பதில் தோண்டிய மண்ணையே தள்ளி மூடுகிறேன் என்று சொல்லும் ஒப்பந்ததாரரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம்.

நிலத்தடி நீரும் இங்கேதான் விளையாடும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 45,000 லிட்டர், அதாவது 45 டன் எடை தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் இறைத்துவிட்டால், ஈர மண்ணில் தொட்டி மிதந்து மேலே வந்துவிடும். கான்கிரீட் குளமும் இதற்கு விலக்கல்ல. அதன் அடியில் அழுத்தம் தணிக்கும் வால்வு வைப்பது அதற்காகத்தான். ஃபைபர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயை அடிமட்டம் வரை செங்குத்தாகப் புதைத்துவிடச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம், தேவைப்பட்டால் மோட்டார் விட்டு இறைக்கலாம்.

வினைல் லைனர் கட்டும்போது மலிவு. எஃகு அல்லது பாலிமர் பலகைகளால் சுவர், தரைக்கு மணல் அல்லது சிமென்ட் கலவை, மேலே அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு விரிப்பு. விரிப்புக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் காற்றை வேக்குவம் வைத்து உறிஞ்சும்போது சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, விரிப்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான வேலை. ஆனால் நாய் நகம் ஒன்று போதும் அதைக் கிழிக்க. சின்னக் கிழிசலைத் தண்ணீர் இருக்கும்போதே ஒட்டிவிடலாம் என்பது ஆறுதல். ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் விரிப்பையே மாற்ற வேண்டும்.

இருபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் லைனர் ஒன்றிரண்டு முறை செலவு வைக்கும், கான்கிரீட் பூச்சு ஒரு முறையாவது வைக்கும், ஒழுங்காகப் பதித்த ஃபைபரில் அப்படி ஒரு பெரிய செலவு அநேகமாக வராது. அதனால் முதல் முறை கட்டுபவருக்கு என் ஓட்டு ஃபைபருக்கே. கிரேன் வர வழியில்லை, அல்லது விரும்பிய அளவில் அச்சு இல்லை என்றால் கான்கிரீட். கையில் பணம் குறைவு, ஆனால் பராமரிப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆர்வம் உண்டு என்றால் லைனர்.

உப்புக் குளமா, குளோரின் குளமா என்றொரு சண்டையும் உண்டு. உப்புக் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான், உப்பை மின்னாற்பகுத்துக் கருவியே அதைத் தயாரிக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, இங்கே 3 கிராம் சொச்சம். டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றும் வேலை மிச்சம், ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் கருவியில் மின்னாற்பகுப்பு நடக்கும் பகுதியை (செல்) மாற்ற வேண்டும். எஃகுச் சுவர் லைனர் குளத்துக்கு உப்பு வேண்டாம், கசிந்தால் துரு பிடிக்கும்.

தண்ணீரைச் சுழற்றி வடிகட்டிக்கு அனுப்பும் பம்ப் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், வேகம் மாற்றக்கூடியதையே வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். கூடுதல் நேரம் ஓட்டினாலும் லாபம்தான்.

விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது கடைசி எண்ணைப் பார்க்காமல், எதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குறைந்தது 4 அடி உயர வேலியும், தானாக மூடித் தாழிடும் கதவும் பல பட்டியல்களில் இருக்காது. பாறை தட்டினால் யார் செலவு என்பது இருக்காது. மண்ணை அப்புறப்படுத்துவதும் அப்படித்தான். 45 கன மீட்டர் தண்ணீர் நிற்க அதைவிட அதிகமாகத் தோண்ட வேண்டும், தோண்டிய மண் இளகி இன்னும் பெருகும். அத்தனை லாரி மண்ணை யார், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.