போர்ட்ரெய்ட் லைட்டிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிற எல்லாருடைய இன்ஸ்டாகிராமிலும் இப்போது ஒரு விளம்பரம் வந்துகொண்டிருக்கும். போர்ட்ரெய்ட் லைட்டிங் அடிப்படையிலிருந்து, 2 நாள், 15 பேருக்கு மட்டும், ஒவ்வொருவர் கையிலும் லைட்டைக் கொடுத்துப் பயிற்சி, கட்டணம் 6,500 ரூபாய். வண்ணார்பேட்டையில் ஒரு லாட்ஜ் ஹாலில் நடந்த போன பேட்ச்சில் நான் இருந்தேன். அடுத்தது தூத்துக்குடியில் என்று போட்டிருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே போனால் ஐம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவரிடம் "15 பேர்னுதானே சொன்னீங்க அண்ணாச்சி" என்று கேட்டேன். "ஆசையா வாரவங்கள எப்படி அண்ணாச்சி திருப்பி அனுப்ப" என்றார். சரி, லைட் எத்தனை? ஒன்று. சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டிய ஒரே ஒரு ஸ்ட்ரோப், அதாவது ஸ்டூடியோ ஃபிளாஷ், அந்த ஸ்டாண்டும் இரண்டு நாளும் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

முதல் நாள் முழுக்கத் திரையில் படங்கள்தான். முகத்தில் வெளிச்சமும் நிழலும் விழும் விதங்களைக் காட்டி, இது ரெம்பிராண்ட், இது லூப், இது பட்டர்ஃபிளை, இது ஸ்பிளிட் என்று பயிற்சியாளர் பெயர் சொல்லிக்கொண்டே போனார். ரெம்பிராண்டில் நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் வர வேண்டும், அது நமக்கும் தெரியும், வர வைப்பது எப்படி என்பதுதானே கேள்வி. லைட்டை முகத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரிக்குக் கொண்டுபோய், தலைக்கு மேல் உயர்த்தி, மூக்கின் நிழல் போய் கன்னத்து நிழலோடு ஒட்டுகிற இடத்தில் நிறுத்த வேண்டும், ஆளுக்கு ஆள் மூக்கும் கன்னமும் வேறு என்பதால் அந்த இடமும் ஒவ்வொரு முகத்துக்கும் மாறும். இதில் ஒரு வரிகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. போர்டில் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 100 என்று கேமரா செட்டிங்கை எழுதி, "இதையே வச்சுக்கோங்க, மாத்தாதீங்க" என்றார். மதியம் கொடுத்த பிரியாணியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் மாடல் வந்தார். கேமராவில் மாட்டி ஃபிளாஷை மின்ன வைக்கும் டிரிகர் கூட்டத்துக்கே ஒன்று, அதைக் கை மாற்றிக் கை மாற்றி வரிசையில் நின்று ஆளுக்கு நாலைந்து கிளிக். ஐம்பது பேருக்கும் கிடைத்தது ஒரே படம். அதையெல்லாம் வாங்கி "என் மாணவர்கள் எடுத்தது" என்று மறுநாளே தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு தம்பி ஷட்டர் வேகம் 1/500 வைத்து எடுத்துவிட்டான். படத்தில் கீழே பட்டையாகக் கறுப்பு. பயிற்சியாளர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷட்டர் போச்சு தம்பி, சர்வீஸுக்குக் கொடுத்துரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் வைத்திருக்கும் பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். 1/200, 1/250 வரைக்கும்தான் சென்சார் முழுதாகத் திறந்திருக்கும் நேரம் ஒன்று கிடைக்கும், அதற்கு மேல் வேகம் வைத்தால் முதல் திரை ஓடி முடிவதற்குள் இரண்டாவது திரை கிளம்பிவிடும், ஃபிளாஷ் மின்னும்போது மூடியிருந்த பகுதி கறுப்பாக விழும். அதிக ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷை ஒத்துப்போக வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் இருந்தால் வேறு கதை, அங்கே இருந்த டிரிகரில் அது இல்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு 1/160 வைக்கச் சொன்னேன், பட்டையைக் காணோம். லைட்டிங் வகுப்பு எடுக்கிறவருக்கு இது தெரியவில்லை என்றால் மீதிக்கு என்ன சொல்ல.

நான் போனதே ஒரு சந்தேகத்துக்காகத்தான். நம்ம ஊர் மாப்பிள்ளை நல்ல கறுப்பு, போட்டிருப்பது பளீர் வெள்ளை வேட்டி சட்டை. முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி எக்ஸ்போஸ் பண்ணினால் சட்டை பர்ன் ஆகி வெறும் வெள்ளையாகிறது, சட்டைக்குப் பண்ணினால் முகம் இருட்டில் போய்விடுகிறது. பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் எடிட்டிங்கில தூக்கிக்கலாம், நம்ம பிரீசெட் பேக் 1,999தான்" என்று பதில், பிரீசெட் என்றால் எடிட்டிங்குக்கான ரெடிமேட் செட்டிங்.

இதற்கு வழி சொன்னவர் பாளையங்கோட்டையில் ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவர், அதுவும் ஒரு டீ நேரத்துக்குள். பெரிய சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு மூன்று அடிக்குள் கொண்டுவந்து, கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, நடு வெளிச்சம் முகத்திலும் ஓர வெளிச்சம் மட்டும் சட்டையிலும் படும்படி வைக்க வேண்டும். கறுப்பு முகத்துக்கு வடிவம் கொடுப்பது அதன் மேல் விழும் மினுமினுப்புதான். லைட் பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் அது அகலமாக, மெதுவாகப் படரும், சின்ன லைட் என்றால் நெற்றியில் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். பொண்ணு போட்டிருக்கும் நகைக்கும் இதே கதைதான். தூரக் கணக்கையும் அவர்தான் செய்துகாட்டினார்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி). லைட் முகத்துக்கு 3 அடி, பின்சுவர் லைட்டுக்கு 12 அடி என்றால் சுவருக்குப் போவது பதினாறில் ஒரு பங்கு, கறுப்புத் துணி கட்டாமலே சுவர் இருட்டிவிடும். "லைட்டை நகட்டி நகட்டிப் பாரும்வே, தானா வெளங்கும்" என்றார். காசு வாங்கவில்லை, டீக்கும் அவரே கொடுத்தார்.

ஹாலுக்கு வருவோம். கடைசி ஒரு மணி நேரம் முழுக்க வியாபாரம். 'கிட்' என்று லைட், ஸ்டாண்ட், டிரிகர் சேர்த்து விற்றார்கள். கேனானுக்கு, நிக்கானுக்கு, சோனிக்குத் தனித்தனி டிரிகர் உண்டு, அதைக்கூடக் கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டினார்கள், சோனி வைத்திருந்த ஒருவர் நிக்கான் டிரிகரோடு வீட்டுக்குப் போனார். வாட்ஸ்அப் குரூப்பில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள், அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். வருவதெல்லாம் 18,000 ரூபாய் 'லெவல் 2' வகுப்புக்கான போஸ்டர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "சாப்பாடு, ஹால் எல்லாம் செலவாயிட்டே அண்ணாச்சி" என்கிறார்கள். ஜிபே போனதும் தனிநபர் நம்பருக்கு, பில்லும் கிடையாது.

தூத்துக்குடி பேட்ச்சுக்கு முன்பணம் கட்டியவர்கள் மீதியைக் கட்டும் முன் மூன்றே விஷயத்தைப் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை லைட், லைட்டை நாங்களே நகர்த்தி வைத்து எடுக்கலாமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் நீங்கள் காசு கொடுப்பது அவர் பக்கத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கத்தான். '15 பேருக்கு மட்டும்' என்ற விளம்பரத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தை அடிக்கடி அழித்துவிட்டு மாற்றிப் போடுகிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நான் 1915-ல் பதிந்துவிட்டேன், அந்தத் தம்பியும் பதிந்திருக்கிறான். வண்ணார்பேட்டை பேட்ச்சில் இருந்த மற்றவர்களும் தனித்தனியாகப் பதியுங்கள், ஸ்கிரீன்ஷாட் இல்லாதவர்கள் கேட்டால் என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன்.