ஓராண்டுச் சந்தா கட்டும் முன் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்

கிளவுட் கேமிங் சேவை ஒன்றுக்கு மொத்தமாகப் பணம் கட்டி 7,499 ரூபாயை இழந்திருக்கிறேன். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் கால்பந்து என்றால் உயிர். திடலில் ஆடுவது போதாதென்று திரையிலும் ஆட வேண்டும். கன்சோல் என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி வாங்க 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அதை எப்படித் தள்ளிப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய மடிக்கணினியும் ஒரு கண்ட்ரோலரும் போதுமாம். விளையாட்டு அவர்களுடைய சர்வரில், அதாவது வேறிடத்தில் உள்ள அவர்களுடைய கணினியில் ஓடும், படம் மட்டும் நம் திரைக்கு வரும். 'உங்கள் அருகிலேயே சர்வர்', '25 எம்பிபிஎஸ் இருந்தால் தாமதமே இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எம்பிபிஎஸ் என்பது இணைய வேகத்தின் அளவு. எங்களிடம் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கேட்டதைப் போல நான்கு மடங்கு இருக்கிறதே என்று துணிந்து ஆண்டுச் சந்தாவைக் கட்டினேன்.

படத்தில் குறை சொல்ல முடியாது. புல்லின் நுனிகூடத் தெரிந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் மகன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். "அப்பா, பந்து வந்ததும் அடிக்கிறேன். திரையில் என் ஆள் காலைத் தூக்குவதற்குள் எதிரணிக்காரன் பறித்துக்கொண்டு போய்விடுகிறான்" என்றான்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். வைஃபைதான் காரணம், கேபிள் போடுங்கள் என்றார்கள். 15 மீட்டர் ஈதர்நெட் கேபிள் வாங்கி, கூடத்துச் சுவரோரமாக இழுத்து மாட்டினேன். படம் இடையிடையே கட்டம் கட்டமாக உடைவது நின்றது, தாமதம் நிற்கவில்லை. அடுத்து, வேகத்தைச் சோதித்து அனுப்பச் சொன்னார்கள். 97 எம்பிபிஎஸ் என்று வந்த படத்தை அனுப்பினேன். "உங்கள் வேகம் போதுமானது சார், எங்கள் பக்கம் குறை எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. இதற்கே நான்கு நாள் ஓடிவிட்டது. அந்த நான்கு நாளை நினைவில் வையுங்கள்.

குறை இல்லை என்பவர்களிடம் வாயால் பேசிப் பயனில்லை என்று அளந்தே பார்த்தேன். என் கைபேசியில் வினாடிக்கு 240 பிரேம், அதாவது 240 தனிப்படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருக்கிறது. மகனின் கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்தில் விழும்படி வைத்துப் படம்பிடித்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினேன். பொத்தான் முழுதாக அழுந்திய பிரேமிலிருந்து ஆட்டக்காரனின் கால் அசையும் பிரேம் வரை 46. அதாவது ஒரு வினாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டுக் கன்சோலில் அதே விளையாட்டை அதே முறையில் எண்ணியபோது 22 பிரேம்தான்.

அதன்பிறகுதான் செயலியின் அமைப்புகளைத் துருவினேன். மூன்றாவது திரையின் அடியில் சர்வர் இருக்கும் இடம் போட்டிருந்தது: சிங்கப்பூர். இந்தியா என்ற பெயருக்கு எதிரே 'விரைவில்'. அருகிலேயே சர்வர் என்று சொன்னது அப்பட்டமான பொய்.

இதில் எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம். நமக்கு வேண்டியது தூரக் குறைவு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப மட்டுமே 30 மில்லி வினாடி ஆகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம் தனி. வினாடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லி வினாடி. ஆக, எந்தக் கருவியும் எதுவும் செய்வதற்கு முன்பே இரண்டு பிரேம் கடலில் போய்விடுகிறது. அங்கே படத்தை வரைந்து, சுருக்கி, அனுப்பி, இங்கே விரித்துக் காட்டும் நேரம் அதற்கு மேல். 100 எம்பிபிஎஸ் இணைப்பை 1,000 ஆக்கினாலும் இந்தத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது.

யூடியூப் நன்றாக ஓடுகிறதே என்று கேட்பார்கள், நானும் கேட்டேன். வீடியோ சில வினாடிகளுக்கான காட்சிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். நடுவே இணையம் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த காட்சி எதுவென்று நம் விரல் சொன்ன பிறகுதான் அது பிறக்கிறது. முன்கூட்டி வாங்கி வைக்க அங்கே ஒன்றும் இல்லை. அதனால்தான் இரவு ஒன்பது மணிக்குத் தெருவே இணையத்தில் இருக்கும்போது ஆட்டம் இன்னும் மோசமாகிறது. எங்களுக்குக் காலையில் 50 மில்லி வினாடி காட்டிய பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), இரவில் 60க்கும் 110க்கும் இடையே துள்ளியது. ஒரே சீரான தாமதத்துக்காவது கை பழகும், துள்ளும் தாமதத்துக்குப் பழகவே பழகாது.

டேட்டா செலவையும் யாரும் சொல்லவில்லை. 25 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபிக்கு மேல். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டம் 11 நிமிடம்கூடத் தாங்காது.

தொழில்நுட்பமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சர்வர் பக்கத்தில் இருந்து, கேபிள் இணைப்பும் இருந்தால் நன்றாகவே ஓடும். விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. அந்த ஆசையை வைத்துப் பொய் சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கட்டிய 48 மணி நேரத்துக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். பணம் கட்டும் பக்கத்தில் அந்த நிபந்தனை இல்லை. எங்கோ ஒரு நீண்ட ஆவணத்தின் நடுவில் இருக்கிறது. கேபிள் போடு, வேகத்தைச் சோதி என்று நான்கு நாள் என்னை அலைக்கழித்தது அவர்கள்தான்.

பெரிய நிறுவனங்களின் சேவைகளும் இதில் மூடப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 2015 ஏப்ரலில் நின்றபோது, அதில் வாங்கிய விளையாட்டுகளும் போயின. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரி 18இல் மூடப்பட்டது. ஆனால் விளையாட்டுகளுக்கும் தன்னிடம் வாங்கிய கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதச் சந்தாவைத் திருப்பவில்லை என்றாலும், அந்த அளவு நேர்மையாவது அங்கே இருந்தது.

ஆகவே முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்தில் ஒரு நாளாவது இரவு ஒன்பது மணிக்கு ஆடிப் பாருங்கள். சர்வர் எந்த ஊரில் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். 'அருகில்' என்று மட்டும் சொன்னால் விட்டுவிடுங்கள். கட்டியே ஏமாந்தவர்கள் விளம்பரத்தையும் கட்டணப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். விளம்பரத்தின் படம், சிங்கப்பூர் என்று காட்டும் திரை, 46 பிரேம் வீடியோ மூன்றையும் வைத்து நான் புகார் கொடுத்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. நிறுவனத்தின் பதில் இன்னும் வரவில்லை.