டேப்லெட் வாங்கப் போறீங்களா? முன் கேமராவ கடை வெளிச்சத்துல பாத்து நம்பிடாதீங்க

கொஞ்சம் பெரிய பதிவு தான், ஆனா வீட்டுல வயசானவங்களுக்கோ பிள்ளைங்களுக்கோ வீடியோ கால் பேசறதுக்குன்னு டேப்லெட் வாங்க நினைக்கிறவங்க முழுசா படிச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. நான் 18,500 ரூபா குடுத்து வாங்கி ஒன்றரை மாசம் ஆச்சு, வாங்குன வேலைக்கு அது ஒரு நாள் கூட உதவல.

என் தங்கச்சிக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காது. கோயம்புத்தூர்ல வேல பாக்குறா, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. அம்மா அப்பா மணப்பாறை பக்கம் ஊர்ல, நான் திருச்சில. தினமும் நைட்டு எட்டு மணிக்கு மேல அவ வேல முடிஞ்சு வந்து அம்மாகூட வீடியோ கால்ல பேசுவா, பேசறதுன்னா கையால, சைகை மொழில. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அம்மா அவளோட ஸ்கூலுக்குப் போயி உக்காந்து கத்துக்கிட்டது. அந்த அரை மணி நேரத்த எங்க வீட்டுல யாரும் எதுக்காகவும் விட்டது கிடையாது.

இவ்ளோ நாள் என்னோட பழைய போன்ல தான் பேசிட்டு இருந்தாங்க. சைகைல பேசும்போது ரெண்டு கையும் வேணும், எழுத்துக் கூட்டிச் சொல்றதுக்கே நம்ம ஊரு சைகைல ரெண்டு கையையும் சேத்து தான் காட்டணும், அதனால போன கைல புடிக்க முடியாது, அம்மா அத சொம்புல சாச்சு வெச்சு பேசுவாங்க. போன வருஷம் அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் சின்ன ஸ்கிரீன்ல பிள்ள கை சரியா தெரியலன்னு சொன்னாங்க. சரி பெருசா ஒன்னு வாங்கிடுவோம்னு தான் டேப்லெட்.

திருச்சில பேர் போன ஒரு ஷோரூம், பேரு போட விரும்பல. அங்க இருந்த பையன்கிட்ட உள்ள போனதும் முதல்ல சொன்னதே இத தான், தம்பி படம் பாக்க இல்ல, கேம் இல்ல, எங்க அம்மா தங்கச்சிகூட சைகைல பேசணும், முன் கேமரா நல்லா இருக்கணும், மத்தது எல்லாம் எப்படி இருந்தாலும் பரவால்லன்னு. அவரு டேபிள்ல இருந்த டெமோ செட்ட எடுத்து முன் கேமராவ ஆன் பண்ணிக் காட்டுனாரு. உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, கைய ஆட்டிப் பாத்தேன், விரல் விரலா தெரிஞ்சுது. இதையே குடுங்கன்னேன். "இது 5ஜி மாடல் சார், உங்களுக்கு வீட்டுல வைஃபை இருந்தா வைஃபை மாடல் போதும், ஏழாயிரம் கம்மி, சிம் மட்டும் போட முடியாது, கேமரா எல்லாம் சேம் தான்"னு சொன்னாரு. நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன், முன் கேமரா அதே தானான்னு. அதே தான் சார்னாரு. பெட்டிய பிரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டதுக்கு, பில் போட்டதுக்கு அப்புறம் தான் சீல் பிரிப்போம், அது கம்பெனி ரூல்னு சொல்லிட்டாரு. நான் தலையாட்டிட்டு காச கட்டிட்டேன், அங்க தான் நான் விட்டேன்.

முதல் நாள் நைட்டே தங்கச்சி திரும்பத் திரும்ப "மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு"ன்னு காட்டுனா. அம்மா பொறுமையா மெதுவா காட்டுனாங்க. மெதுவா காட்டுனா ஓரளவு புரியுது, எப்பவும் போல பேசுனா கை இருக்குற இடத்துல ஒரு வெள்ளப் புகை மாதிரி தான் தெரியுதுன்னு எனக்கு மெசேஜ் போட்டா. நாங்க நெட்டுன்னு தான் நினைச்சோம். ரவுட்டர ஹாலுக்கு மாத்துனோம், பிளான கூட்டுனோம், மாசம் 200 ரூபா எக்ஸ்ட்ரா. ஒன்னும் மாறல.

ரெண்டாவது வாரம் நடந்தது தான் என்னால தாங்க முடியல. அப்பாவுக்கு பல்லு எடுக்க டாக்டர் குடுத்த தேதிய அம்மா காட்டியிருக்காங்க, இவ அத தப்பா வாங்கிக்கிட்டு ஒரு வாரம் முன்னாடியே லீவு சொல்லிட்டு ராத்திரி பஸ் ஏறி விடிகாலைல வந்து நிக்கிறா. அம்மா கதவத் திறந்து அவளப் பாத்ததும் பயந்துட்டாங்க, அவளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. அவ கம்பெனில அந்த லீவ மறுபடி மாத்தித் தரல. இத்தன வருஷத்துல அம்மா சொன்னத அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டது அன்னைக்கு தான் முதல் தடவ.

அந்த சனிக்கிழமையே ஊருக்குப் போயி உக்காந்தேன். நெட்ட ஆஃப் பண்ணிட்டு டேப்லெட்லயே முன் கேமராவுல அம்மாவ சைகை காட்டச் சொல்லி ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தேன். இத நீங்களும் கண்டிப்பா பண்ணிப் பாருங்க, நெட்டே இல்லாம டேப்புக்குள்ளயே எடுத்த வீடியோவும் கலங்கலா இருந்தா அப்புறம் வைஃபை மேல பழி போட யாராலயும் முடியாது. கலங்கலா தான் இருந்துச்சு. அதே எடத்துல அதே டியூப்லைட்ல பழைய போன்லயும் ஒரு வீடியோ எடுத்து ரெண்டையும் லேப்டாப்ல போட்டு, ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல டீடெய்ல்ஸ் பாத்தா ஃப்ரேம் ரேட் காட்டும், அதாவது நொடிக்கு எத்தன படம் (ஃப்ரேம்) எடுக்குதுன்னு. பழைய போன் 29, புது டேப்லெட் 14. காலைல திண்ணைல வெயில் வெளிச்சத்துல எடுத்தா அதே டேப்லெட் 30 காட்டுது! அப்ப தான் எனக்கு விஷயமே விளங்குச்சு, கடையில அவ்ளோ பளிச்சுனு லைட்டு போட்டு வெச்சிருக்குறதுக்குக் கீழ எந்த கேமராவும் நல்லா தான் தெரியும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கணும்னா ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் முப்பதுல ஒரு பங்கு நொடி தான் வெளிச்சம் வாங்க முடியும். சின்ன சென்சாருக்கு டியூப்லைட் வெளிச்சத்துல அது பத்தாது, அதனால கேமரா தானாவே ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு மடங்கு நேரம் திறந்து வெச்சுக்கும். ஃப்ரேம் எண்ணிக்கை பாதியாயிடும், அந்த நேரத்துக்குள்ள கை நகந்துடுறதால கை இழுத்து விட்ட மாதிரி பதியும். அப்புறமும் புள்ளி புள்ளியா இருக்குறத மறைக்க சாஃப்ட்வேர் மெழுகி விடும், அதுல விரலுக்கு நடுவுல இருக்குற இடைவெளி, புருவம் எல்லாம் காணாமப் போயிடும். சும்மா உக்காந்து பேசுறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, முகம் தெரியுது குரல் கேக்குதுன்னு போயிடுவாங்க. சைகை மொழில புருவம் தூக்குறது கூட பேச்சுல சேத்தி, கேள்வியா சாதாரணமா சொல்றதான்னு முகத்த வெச்சு தான் தெரியும்.

இன்னொன்னும் இருக்கு. இந்த டேப்லெட்டுல முன் கேமரா குட்டைப் பக்கத்துல இருக்கு. படுக்க வெச்ச மாதிரி வெச்சா கேமரா இடது ஓரத்துக்குப் போயிடுது, அம்மா நடு ஸ்கிரீனப் பாத்துப் பேசுனா அங்க எங்கயோ பாக்குற மாதிரி தெரியும், ஒரு கை பாதி வெளிய போயிடும். நெட்டுக்குத்தலா வெச்சா ரெண்டு முழங்கையும் அடங்க பின்னாடி தள்ளி உக்காரணும், தள்ளி உக்காந்தா வெளிச்சம் இன்னும் கம்மி.

தங்கச்சி அப்ப ஒரு விஷயம் தேடி எடுத்து அனுப்புனா. ஐடியுன்னு ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு இருக்கு, அவங்க 1999லயே சைகை மொழி, உதட்டசைவு பாத்து பேசுறவங்களுக்காக வீடியோ எப்படி இருக்கணும்னு ஒரு ஆவணம் போட்டிருக்காங்க. நொடிக்கு 20 ஃப்ரேமுக்கு மேல இருந்தா நல்லா பேசலாம், 12ல இருந்து 20க்குள்ள இருந்தா சிரமம், அதுக்கும் கீழ போனா ரொம்பவே கஷ்டம்னு அதுல இருக்கு. அதுல அவங்க சொல்ற படத்தோட அளவு 352க்கு 288 தான், இன்னைக்கு எந்த டப்பா போனும் அதவிட பல மடங்கு தரும். அதாவது மெகாபிக்சல் பெருசா வேணும்னே இல்ல, ஃப்ரேம் குறையாம இருக்கணும். பெட்டி மேல எட்டு எம்பி (மெகாபிக்சல்) பத்து எம்பின்னு எழுதுறாங்களே, ராத்திரி லைட்டுல எத்தன ஃப்ரேம்னு ஒருத்தரும் எழுதறது இல்ல. 1080பி (1920க்கு 1080 புள்ளி) வீடியோவோட ஒரு ஃப்ரேமே கணக்குப் போட்டா ரெண்டு எம்பி தான் வரும், அதுக்கு மேல இருக்குற எம்பி எல்லாம் வீடியோ கால்ல பெருசா பயன் இல்ல.

அப்புறம் பெட்டிய திருப்பிப் பாத்தேன். பின்னாடி பொடி எழுத்துல முன் கேமரா 5 எம்பின்னு போட்டிருக்கு. கடைக்குப் போயி டெமோ செட்டுல செட்டிங்ஸ் திறந்து மாடல் நம்பர பாத்தேன், நம்மளுது வேற நம்பர். அந்த 5ஜி மாடலோட பெட்டிய எடுக்கச் சொல்லிப் பாத்தா அதுல 8 எம்பி. எங்களுதுல முன் கேமரா வீடியோ 720பிக்கு மேல எடுக்கவே எடுக்காது, அதுல 1080பி. "சேம் தான் சார்"னு சொன்னது முழுப் பொய்.

மேனேஜர் முதல்ல நெட் பிரச்சனைன்னாரு. நெட் இல்லாம எடுத்த வீடியோவ காட்டுனதும் சர்வீஸ் சென்டர் போங்கன்னாரு. சர்வீஸ் சென்டர்ல ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு "ஸ்பெக் படி தான் வேல செய்யுது, டிஃபெக்ட் இல்ல"ன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்க சொல்றது அவங்க வரைக்கும் சரி, இது ரிப்பேர் இல்ல, வேற சாமான காட்டி வேற சாமான வித்தது, அதுக்கு வாரண்டில எடம் இல்ல. மறுபடி கடைக்கு வந்தா பில்லக் காட்டி "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" போட்டிருக்கு பாருங்கன்னாங்க. அதுக்கும் மேல அந்த மேனேஜர் கேட்டாரு, "கேமராவுக்காக யாரு சார் டேப் வாங்குவா"ன்னு. நான் எதுக்காக வாங்குறேன்னு அந்தக் கடைக்குள்ள கால் வெச்சதும் சொன்ன மொத வார்த்தையே அது தான். எனக்கு அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் நெஞ்சு அடங்கல.

வந்து படிச்சுப் பாத்ததுல தெரிஞ்சது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, ஒரு பொருளோட தரம், மாடல் பத்தி பொய்யா சொல்லி விக்கிறது நேர்மையற்ற வணிக முறை, எழுத்துல சொன்னாலும் சரி வாயால சொன்னாலும் சரி. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு பில்லுல அச்சடிச்சுட்டா நம்ம உரிமை போயிடும்னு நினைச்சு தான் பல பேர் திரும்பி வந்துடுறோம், அந்த வரிக்கு அவ்ளோ பலம் இல்ல. 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழ்லயே பேசலாம், நான் பேசுனேன், புகார் நம்பர் குடுத்தாங்க. எட்டாவது நாள் கடையில இருந்தே கூப்புட்டாங்க, 5ஜி மாடலா மாத்தித் தர்றோம், வித்தியாசம் 7,000 கட்டுங்க, யூஸ் பண்ணதுக்கு 3,000 கழிப்போம்னு. அதாவது பொய் சொன்னதுக்கு நான் பத்தாயிரம் குடுக்கணும். முடியாதுன்னுட்டேன்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் இருந்தா ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சே ஆகணும்னு இல்ல, நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், நாம குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம். ஆன்லைன்லயும் போடலாம்.

வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது, டெமோ செட்டப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்களுக்கு விக்கப் போற பெட்டில இருக்குற மாடல் நம்பரும் டெமோ செட்டு நம்பரும் ஒன்னான்னு கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க, சிம் போடுற மாடல் போடாத மாடல்னா உள்ள கேமராவும் மாறலாம். டெமோ செட்ட கடைக்குள்ள இருட்டா இருக்குற மூலைக்கு, படிக்கட்டுக்கு அடில, எங்கயாச்சும் எடுத்துட்டுப் போயி முன் கேமராவுல பத்து செகண்ட் வீடியோ எடுத்து, விரல விரிச்சு வேகமா ஆட்டி, அத நிறுத்தி நிறுத்திப் பாருங்க, விரல் எண்ண முடியுதான்னு. பில்லு போட்டதும் கடையிலயே உங்க செட்டப் பிரிச்சு அதே மாதிரி எடுத்துப் பாருங்க, வீட்டுக்கு கொண்டு போயிட்டா பேச்சே மாறிடும். அவங்க வாயால சொல்றத வாட்ஸப்புல ஒரு வரி அனுப்பச் சொல்லுங்க, "முன் கேமரா ரெண்டுலயும் ஒன்னு தான்"னு. அனுப்ப யோசிச்சாங்கன்னா அங்கயே தெரிஞ்சுடும். என்கிட்ட அந்த ஒரு வரி இல்ல, அது தான் இப்ப பெரிய கொறையா இருக்கு. பிள்ளைங்க ஆன்லைன் கிளாஸுல நோட்ட கேமரா முன்னாடி காட்டணும்னா அதையும் சோதிச்சுப் பாருங்க, முன் கேமரா பலதுல ஃபோகஸ் மாறாது, முகம் இருக்குற தூரத்துக்கு வெச்சிருப்பாங்க, கிட்ட காட்டுற எழுத்து கலங்கும்.

நேத்து நைட்டும் அம்மா பழைய போன சொம்புல சாச்சு வெச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு தான் பேசுனாங்க. டேப்லெட் பெட்டியோட பீரோவுல இருக்கு. பில்லு, ரெண்டு வீடியோ, ரெண்டு மாடல் நம்பரோட போட்டோ, சர்வீஸ் சென்டர் எழுதிக் குடுத்த பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சாச்சு, திங்கக்கிழமை மனு போடுறேன். இதே மாதிரி ஒரு மாடல காட்டி இன்னொன்ன குடுத்து ஏமாந்தவங்க, ஆணையத்துக்குப் போனவங்க யாராச்சும் இருந்தா மனுவுல என்னென்ன சேத்தீங்கன்னு சொல்லுங்க, முக்கியமா வாயால சொன்னத எப்படி நிரூபிச்சீங்கன்னு.