ரொறன்ரோ குளிரில் நடையும் ட்ரெட்மில்லும்: எழுபதை நெருங்கும்போது

ஸ்காபரோவில் நவம்பர் பிறந்ததும் எங்கள் வயதுக்காரர் பலரின் நடை நின்றுவிடுகிறது. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும் பின்னேரம் ஐந்துக்கே இருட்டு, அப்புறம் ஸ்னோ, அதற்கு மேல் ஐஸ். ஏப்ரலில் திரும்ப வெளியே இறங்கும்போது படியேறவே மூச்சு வாங்கும், சீனியும் கூடியிருக்கும். அதற்காகத்தான் நானும் மனைவியும் பேஸ்மென்டில் ட்ரெட்மில் போட்டோம். பல குளிர்காலம் பாவித்த பிறகு சொல்கிறேன்: அது நல்ல துணை, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே மைனஸ் 20 என்றாலும் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஏறி நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும், நீரிழிவுக்காரருக்கு இது பெரிய உதவி. வேகத்தைக் கூட்டுவதை விட ஏற்றத்தைக் கூட்டுவதுதான் எங்கள் முழங்காலுக்கு ஒத்துவந்தது. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம், 3 சதவீத ஏற்றம், இதுவே உடம்பைச் சூடாக்கப் போதும். கைபிடியில் தொங்கிக்கொண்டு நடக்காதீர்கள். பாரத்தைக் கை தாங்கினால் காலுக்கு வேலை குறைகிறது, திரையில் தெரியும் கலோரிக் கணக்கும் பொய்யாகிவிடும். பிடிக்காமல் நடக்க முடியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். அவசர நிறுத்தச் சாவியின் கிளிப்பை மட்டும் எப்போதும் சட்டையில் மாட்டுங்கள். பிறஷருக்கு பீட்டா புளொக்கர் குளிசை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பயனில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு இருந்தால் சரி.

இனி அது தராதது. பெல்ட் எப்போதும் சமதளம், மேடு பள்ளம் இல்லை, திரும்புவது இல்லை, ஆகவே சமநிலைக்குப் பெரிதாகப் பயிற்சி கிடைப்பதில்லை, எங்கள் வயதில் விழாமல் இருப்பதுதானே முக்கியம். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான கனடிய வழிகாட்டல் வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவான இயக்கத்தோடு, இரண்டு முறையாவது தசைப் பயிற்சியையும், கூடவே சமநிலைப் பயிற்சியையும் கேட்கிறது. அதனால் காலநிலை இடம் கொடுக்கும் நாட்களில் கட்டாயம் வெளியே போகிறோம்.

வெளியே போவதென்றால் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மைனஸ் 10இல் காய்ந்த ஸ்னோவில் நடப்பதை விட, பகலில் உருகி இரவில் உறைந்து கண்ணுக்குத் தெரியாத ஐஸாகக் கிடக்கும் பூச்சியம் பாகைக் காலைதான் ஆபத்து. உறைமழை என்றால் வாசல் கதவையே திறக்க மாட்டோம். சப்பாத்து விஷயத்தில் ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனம் பெரிய உதவி செய்திருக்கிறது: குளிர்காலச் சப்பாத்துகளை ஆட்களுக்கு மாட்டி உண்மையான ஐஸ் சரிவில் நடக்கவிட்டுச் சோதிக்கிறார்கள், 7 பாகைச் சரிவில் வழுக்காவிட்டால்தான் தரத்துக்கான ஒரு ஸ்னோ அடையாளம் கொடுப்பார்கள். ‘ரேட் மை ட்ரெட்ஸ்’ என்று தேடினால் பட்டியல் கிடைக்கும். சப்பாத்துக்கு மேல் மாட்டும் முள் பட்டிகளும் நல்லவை, ஆனால் மோல் தரையில் அவையே வழுக்கும், வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஸ்காபரோ டவுன் சென்டருக்குள் நடப்பதும் எங்களுக்குப் பிடிக்கும், அங்கே ஆட்களை விலத்தித் திரும்பித் திரும்பி நடக்க வேண்டியிருப்பதே ஒரு பயிற்சி.

குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, பிறஷர் ஏறுகிறது, ஆகவே வெளிக்கிட முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டபின்தான் எதையும் தொடங்க வேண்டும்.

காசு மட்டாக இருந்தால் முதலில் நல்ல சப்பாத்து, ட்ரெட்மில் பிறகு. பாவித்ததே போதும், வசந்தம் வந்ததும் பலர் விற்கப் போடுவார்கள். வாங்க முன் ஏறி நடந்து பாருங்கள்: பெல்ட் ஒரு பக்கம் இழுக்கிறதா, சடாரென்று இல்லாமல் மிக மெதுவாகத் தொடங்குகிறதா, உங்கள் பேஸ்மென்ட் கூரை தலையில் இடிக்குமா என்று. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், கையேடு கேட்டால், பெல்ட்டுக்குக் கீழே சிலிக்கோன் எண்ணெய் பூசுங்கள், வேறு எந்த எண்ணெயும் வேண்டாம்.